மயில் வண்டியும் தம்பியின் கல்யாணமும்

என் தம்பியின் மோட்டார் சைக்கிளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையாவது எழுத வேண்டும் என்று முயன்று பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது. கிளிப்பச்சை. பெட்ரோல் தொட்டியின் இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில் படம். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

அதைச் செய்த கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் அதை மயில் வண்டி என்றுதான் சொன்னார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், பெரிய கம்பெனி வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்களுக்கும், அந்த விலை கொடுக்க முடியாதவர்களுக்கும் என்று வந்த சின்ன வண்டி அது. இல்லாதப்பட்டவன்தானே வாங்கப்போகிறான், எப்படிச் செய்தால் என்ன என்று எங்கோ ஒரு முதலாளி நினைத்திருக்கிறான்.

நான் மலாயாவில், தைப்பிங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எலும்பு முறிவு வார்டு. அப்பாவும் ஆத்தாவும் போன பிறகு இந்தியாவில் எனக்கு மிஞ்சியது தம்பி சுப்பையா ஒருவன்தான். புதுக்கோட்டையில் உரக்கடை வைத்திருந்தான். அவனுக்கு வைகாசியில் கல்யாணம். தாயில்லாத வீட்டில் மூத்தவள்தான் உறவுக்காரர்களை வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். அதற்காகத்தான் கப்பல் ஏறினேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கியபோது சுப்பையா வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. வண்டியை நான் முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்தான்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லா இருக்குடா. நீதான் எளைச்சிருக்க.”

“ஏறுக்கா. பெட்டி மாட்டு வண்டியில வந்துரும். நீ இதுல வாரத ஊரே பாக்கணும்.”

புடவையோடு ஒரு பக்கமாக ஏறி, காலை வைக்கும் கம்பியில் காலை வைத்தேன். கம்பி என் கனத்துக்குக் கீழே வளைந்து தொங்கியது. சுப்பையா திரும்பிப் பார்க்காமலே, “அதுல ரொம்ப ஊனாதக்கா” என்றான். பின்னே எதற்கு அந்தக் கம்பி?

கீழ ராஜ வீதியில் போகும்போது பின்னால் தகர டப்பா விழுந்தது போல ஒரு சத்தம். வண்டி திடீரென்று புலி மாதிரி உறும ஆரம்பித்தது. சைலன்சர் கழன்று நடுத்தெருவில் கிடந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர், “என்ன சுப்பையா, மயிலு தோகைய உதுத்துருச்சா?” என்றார். சுப்பையாவும் சிரித்தான். ஆனால் அவன் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். துண்டைச் சுற்றிச் சூட்டோடு அதை எடுத்து வந்து, சட்டைப் பையிலிருந்து கம்பிச் சுருளை எடுத்துக் கட்டினான்.

புது வண்டி வைத்திருப்பவன் பையில் கம்பிச் சுருள் எதற்கு என்று கேட்டேன்.

“புது வண்டின்னா நாலு எடத்துல ஆடத்தான்கா செய்யும். ஓட ஓட செட்டாயிரும்.”

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டில் இறங்கினேன். அப்பாவின் அண்ணன்; எங்களுக்கு இருக்கிற ஒரே பெரியவர். கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். வந்து சேர்ந்தது அந்த முதல் உருண்டையில்தான் எனக்கு உறைத்தது. தைப்பிங்கில் எத்தனை காசு கொடுத்தாலும் அந்தக் கருவாட்டு வாசம் கிடைக்காது. வீட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி சத்தம் போடுவாள் என்பது வேறு.

மறுநாள் ஆலங்குடிப் பக்கம் அழைக்கப் போனோம். அத்தை முறை உள்ள ஒருத்தி பலாப்பழத்தை அறுத்து, எங்கள் முன்னால் குவித்துவிட்டு, நான் நிறுத்தும்போதெல்லாம், “அந்தச் சீமையில இது கெடைக்குமா?” என்று கேட்டுக் கேட்டே என் வயிற்றை நிரப்பினாள். கிடைக்கும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிளம்பும்போது சுப்பையா வண்டியை உதைத்தான். உதைக்கிற கட்டை அவன் காலோடு கழன்று வந்துவிட்டது. மாட்டினான். மறுபடியும் வந்தது. உள்ளே பல் தேய்ந்துபோய் வழவழவென்று இருந்தது. வாங்கி ஆறு மாசம் ஆகாத வண்டி.

தள்ளிக்கொண்டு ஓடினால் கிளம்பும் என்றான். செம்மண் புழுதியில், வைகாசி வெயிலில், பட்டுப்புடவை கட்டிய அக்கா பின்னால் தள்ள, தம்பி முன்னால் தள்ள, ஊர் நாய்கள் இரண்டு பக்கமும் ஓடி வந்தன. வண்டி இருமியது, கிளம்பவில்லை. கடைசியில் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் நிறுத்தினார். எங்களையும் மோட்டார் சைக்கிளையும் மாட்டு வண்டியில் ஏற்றினார்.

“போன மாசமும் இதே மாதிரி மயிலு ஒண்ண இங்கிட்டுத்தான் ஏத்தி எறக்குனேன்” என்றார். “நாலு கயிறு போட்டுக் கட்டுங்க தம்பி. இது ஒடஞ்சா என்னயச் சொல்லுவீக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சுப்பையாவுக்கு வரவில்லை. ஊர் எல்லையில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

“கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துருடா. என் வீட்டுக்காரர் வச்சிருக்கிறது எங்க கல்யாணத்துக்கு முந்தி வாங்கின வண்டி. ரெண்டாம் கை. ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்ல.”

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. “ஒனக்குச் சீமைச் சரக்குதான்கா ஒசத்தி. வந்து எறங்குனதுலேர்ந்து பாக்குறேன், கம்பி வளையுது, கட்டை கழலுதுன்னு. இது நம்ம நாட்டுல செஞ்சது. இப்பத்தான் செய்யவே ஆரம்பிச்சிருக்கோம். கொழந்த நடக்கப் பழகையில விழத்தான் செய்யும்.”

“கொழந்த விழட்டும். கொழந்த முதுகுல ஆள ஏத்தி எதுக்குடா விக்கிறான்?”

வண்டிக்காரர் மாட்டை அதட்டினார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஆனால் அதற்கு அடுத்த நாளை நான் மறைக்கக் கூடாது. உதைக்கிற கட்டையைப் புதுக்கோட்டையில் மாற்றிக்கொண்டு திருமயம் போனோம். அன்று வண்டி எந்த வம்பும் செய்யவில்லை. காலை வெயில் முதுகில் இருந்தது. ரோட்டோரப் பனைகளின் அடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி, கட்டை விரலால் தோண்டிக் குடித்தோம். திருமயம் கோட்டைப் பாறை தூரத்தில் தெரிந்ததும் சுப்பையா பாட ஆரம்பித்தான். சின்ன வயசில் இதே ரோட்டில் அப்பாவுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக அவன் வந்தது எனக்குத் தெரியும். நடந்தே வாழ்ந்த குடும்பத்தில் முதல் முதலாகச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தவன் அவன். அவனுக்கு அது எவ்வளவு பெரிது என்பது அன்று புரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு கிளைப் பாதை வந்ததும் வேகத்தைக் குறைத்து, காரணமில்லாமல் ஹார்ன் அடித்தான்.

“யாருடா அங்க?”

“சும்மாதான்கா.”

அந்தப் பாதையின் கோடியில் இருந்த சிற்றூர்தான் பெண்வீடு. பெண் பெயர் வள்ளிக்கண்ணு. மாசிக் கடைசியில் பரிசம் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அந்த ஊருக்குள் போகக் கூடாது. ஹார்ன் போகலாம் போலிருக்கிறது.

மறுநாள் கீரனூர்.

அழைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓர் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. அதற்காக வேகத்தைக் குறைத்த சுப்பையா இன்னும் கூட்டவில்லை. சைக்கிளில் போகிறவர் எங்களை முந்தியிருப்பார். அந்த இடத்தில் பள்ளமில்லை, கல்லில்லை. தார் புதிதாகப் போட்டிருந்தார்கள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முன் சக்கரம் பின்பக்கமாக மடங்கி வண்டிக்கு அடியில் போனது. நான் ரோட்டோர மணலில் போய் விழுந்தேன். முழங்கை சிராய்ந்ததோடு சரி. சுப்பையாவின் வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது.

காலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. இருபது வருஷமாக அந்நியர்களின் கால்களைக் கட்டியிருக்கிறேன். அன்று என் தம்பியின் கால். என் குடையை ஒரு பக்கமும், வேலியோரம் கிடந்த பனை மட்டையை மறுபக்கமும் வைத்து, புடவை முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “வண்டிக்கு என்னக்கா ஆச்சு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்காக அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

புதுக்கோட்டை பஸ் ஒன்று நின்றது. கண்டக்டரும் பயணிகளும் சேர்ந்து அவனைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். வண்டியை மேலே கூரையில் ஏற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷிதான். தண்ணீர் கொடுத்தாள். தம்பியா, மகனா என்று கேட்டாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். இந்த மாதம்தான் என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். “பரிசம் போட்டாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப பொண்ணு ராசியப் பாக்கணுமேத்தா” என்றாள்.

முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பி ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ஒருவர் தன் சொந்தக்காரர் வீட்டில் நடந்த கதையை ஆரம்பித்தார். பஸ் புதுக்கோட்டைக்கு வருவதற்குள், முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண் என் தம்பியின் காலை ஒடித்தவளாகிவிட்டாள். வண்டியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எங்கள் தலைக்கு மேலே, கூரையில், சௌகரியமாக வந்துகொண்டிருந்தது.

சுப்பையாவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் காலை பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலோரம் நின்று அவன் நெற்றியைத் தடவினார். கண் கலங்கியது. பாசத்தில் குறைவில்லாதவர். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“நிறுத்திரலாம்த்தா” என்றார்.

“எதப் பெரியப்பா?”

“கல்யாணத்த. பேசுனதுலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு நடக்குது. இன்னிக்கிக் காலு. தாலி ஏறுனப்புறம் என்னவோ. நான் யாரையும் குத்தம் சொல்லல. நாளும் கோளும் சொல்லுது. பொண்ணு வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டேன்.”

நான் கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். “ஒடஞ்சது வண்டி பெரியப்பா! பொண்ணு இல்ல!” அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோபத்தோடு ஆஸ்பத்திரிக் கொல்லைப்பக்கம் போனேன். பஸ்காரர்கள் வண்டியை அங்கே வேப்ப மரத்தடியில் இறக்கிப் போட்டிருந்தார்கள். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற குழாய்களில் ஒன்று, வெல்டு வைத்த இடத்தில் முறிந்திருந்தது. முழங்கை நீளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்கி எடுத்தேன். முறிந்த வாயை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

பழைய முறிவையும் புது முறிவையும் எக்ஸ்ரேயில் பிரித்துப் பார்ப்பது என் தொழில். இதற்கு எக்ஸ்ரே வேண்டியிருக்கவில்லை. வாயில் ஒரு பாதி வெள்ளி மாதிரி பளபளத்தது. அது நேற்று ஒடிந்தது. மறுபாதி மங்கிப் பழுப்பாக இருந்தது. அந்தப் பழுப்பின் மேல், விரிசலுக்கு உள்ளே, பச்சைப் பெயிண்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. கிளிப்பச்சை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போதே குழாய் விரிசல் விட்டிருக்கிறது. அடித்தவன் அதன் மேலேயே பூசியிருக்கிறான். பார்த்தும் பூசினானா, பார்க்காமல் பூசினானா என்பது எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான். அந்த விரிசலின் மேல்தான் என் தம்பி பாட்டுப் பாடிக்கொண்டு திருமயம் போயிருக்கிறான்.

குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

வண்டி விற்ற கடை பெரிய கடை. வாசலில் வரிசையாக மயில்கள். முதலாளி சந்தனப் பொட்டு வைத்த மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். கோலி சோடா வரவழைத்தார். குழாயை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்கம்மா. நம்ம ரோடு அப்படி.”

“ரோடு இப்ப வந்ததா? இந்த ரோட்டுல ஓட்டத்தானே வித்தீங்க? வேற எந்த ரோட்டுக்காகச் செஞ்சது இது?”

“ரெண்டு பேர் போயிருக்கீங்க…”

“பின் சீட்டு எதுக்கு வச்சீங்க? மயிலு ஒக்காரவா?”

உள்ளே கழுத்தில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வந்தவர், வடக்கத்திக்காரர். முதலாளியைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். அவர் சொன்னது தமிழில் இதுதான்: ‘இவளோடு என்ன வாதம்? புதுக் குழாய் ஒன்றைக் கொடுத்து, பழையதை வாங்கி உள்ளே போடு. அது வெளியே இருக்கக் கூடாது. இருக்கிற வண்டிகள் விற்றுத் தீரட்டும்.’

கிழிந்த முந்தானையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர் முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை.

முதலாளி சிரித்த முகத்தோடு, “புதுசு ஒண்ணு சும்மாவே மாத்தித் தாரோம்மா. இதக் குடுத்துட்டுப் போங்க” என்று கையை நீட்டினார்.

நான் டை கட்டியவரைப் பார்த்து இங்கிலீஷிலேயே கேட்டேன்: ‘அந்தப் புதுக் குழாயும் இந்தப் பழைய குழாயும் ஒரே லாரியில் வந்தவைதானே?’ அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். மறுபடி வைக்க மறந்துவிட்டார்.

குழாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கடை வாசலில் நின்றேன். அப்படி நிற்பேன் என்று உள்ளே போகும்போது எனக்கே தெரியாது. நியாயம் கேட்டு எங்கே போவது என்றும் தெரியாது. கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் குழாயின் வாயைக் காட்டினேன். பளபளப்பு எது, பெயிண்ட் எது என்று சொன்னேன். என் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றேன். அவ்வளவுதான்.

சிலர் பைத்தியம் என்று நினைத்து விலகிப் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார் போல ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குழாயை வாங்கி விரலை உள்ளே விட்டுத் தடவினாள். “வாங்க போகலாம்” என்றாள். பாவம் அந்த மனிதர், தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பச்சை வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போனார்.

முதலாளி வெளியே வந்து போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். சீக்கிரம் கூப்பிடுங்கள், அவர்களிடமும் காட்ட வேண்டும் என்றேன். அவர் கூப்பிடவில்லை. கடைசியில், பொழுது இருக்கும்போதே கடையைச் சாத்தினார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலையில் பெண்ணின் ஊருக்குப் போனேன். வள்ளிக்கண்ணுவின் அப்பா வாசலில் இருந்த உரலின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வரவேற்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“வாங்கத்தா. பரிசத்தத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒங்க பெரியப்பா ஆள் விட்டுட்டாரு. எம்மகளப் பாத்து ஊரு என்னென்னமோ பேசுது.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “இனிமே எவன் வந்து கேப்பான்?”

கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்த பெண் ஈரக் கையோடு வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழுதவள் முகமாக இல்லை.

“அவுகளுக்கு எப்படி இருக்கு மதினி?”

“காலு கூடிரும். நாளாகும்.”

“கையில என்ன?”

கொடுத்தேன். நான் எதையும் விளக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒடஞ்சதுக்கு உள்ள எப்படி பெயிண்டு வந்துச்சு?” என்றாள். பிறகு அவளே, “அப்ப முந்தியே ஒடஞ்சிருக்கு” என்றாள்.

“ஆமா.”

“இத ஒங்க பெரியப்பா பாத்தாரா?”

“இல்ல.”

“நான் கொண்டுபோய்க் காட்டுறேன்.”

“நீ எப்படித்தா போவ? கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ள இருக்கிற எடத்துக்கு?” என்று அவள் அப்பா பதறினார்.

“அதான் கல்யாணம் இல்லேன்னுட்டாகள்ல. இனி யாரு என்னயத் தடுக்கிறது?” என்று சொல்லிவிட்டு அவள் புடவை மாற்ற உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரி வார்டில் பெரியப்பா சுப்பையாவுக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். வள்ளிக்கண்ணுவைக் கண்டதும் அவர் கை அப்படியே நின்றது. சுப்பையா போர்வையை இழுத்து மாவுக்கட்டை மறைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. குழாயைப் பெரியப்பா முன்னால் கட்டிலில் வைத்தாள்.

“மாமா, இது பட்டறையிலயே ஒடஞ்சது. பெயிண்டு உள்ள போயிருக்கு பாருங்க. ஒங்க வீட்டுக்கு இது வந்தது தையில. எனக்குப் பரிசம் போட்டது மாசியில. நான் வரதுக்கு முந்தியே ஒடஞ்சு கெடந்ததுக்கு என் ராசி எப்படிக் காரணமாகும்?”

அவர் குழாயை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விவசாயி, கொழு முனையும் வண்டி அச்சும் பார்த்துப் பழகிய மனிதர். பார்த்ததும் புரிந்திருக்கும். ஆனாலும் அவர் சொன்னார்:

“இரும்பு ஒடஞ்சே இருந்துச்சு, சரித்தா. இத்தன நாளு ஓடுனது, அன்னிக்கி ஏன் விழணும்?”

திருச்சி முதலாளிக்குத் திருப்பிச் சொல்ல எனக்குக் கிடைத்த மாதிரி இவருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கவில்லையே என்று இருந்தது. அப்போதுதான் சுப்பையா பேசினான்.

“அன்னிக்கி மட்டும் இல்ல பெரியப்பா. மொதல்லேர்ந்தே முன்னாடி ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பிரேக் போட்டா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும். எனக்குத் தெரியும். சொன்னா ஊரு சிரிக்கும்னு சொல்லல. அக்கா அத்தன தடவ சொல்லுச்சு, கேக்கல. இந்தப் புள்ளயச் சொல்லாதீக. சொல்லணும்னா என்னயச் சொல்லுங்க, அந்தக் கம்பெனிக்காரனச் சொல்லுங்க. இந்த வைகாசியில இவுக ஊருல பந்தல் போடலேன்னா, இந்தக் கட்டோட நான் மாட்டு வண்டியில போயி இவுக வாசல்ல எறங்குவேன்.”

வார்டில் இருந்த யாரோ ஒருவர், “அப்படிச் சொல்லு!” என்றார். வள்ளிக்கண்ணு முதல் முறையாக அவன் பக்கம் திரும்பினாள். “மொதல்ல இளநியக் குடிங்க” என்றாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை மணையில் உட்கார முடியாமல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தான்; பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டோம். பெரியப்பா வந்தார். கடைசிவரை முகத்தை இறுக்கியே வைத்திருந்தார். ஆனால் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தவர் அவர்தான். பந்தியில் பருப்புப் பாயசம் நன்றாக இருந்தது. இருந்தும் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்த பெண்கள் ‘கால்’ என்றும் ‘ராசி’ என்றும் குசுகுசுப்பது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓர் ஊரின் வாயை அடைக்க ஒரு குழாய் போதாது.

நான் கப்பலுக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், சுப்பையா கோல் ஊன்றி நடக்கப் பழகியிருந்தான். ஒரு நாள் காலை பார்த்தால் வாசலில் மயில் வண்டி நிற்கிறது. டவுன் பட்டறையில் குழாயைப் பற்றவைத்து, மேலே பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒருவன் விலைக்குக் கேட்டு வந்திருந்தான். நல்ல வாலிபன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் கண்ணில் என் தம்பியின் பழைய கண்ணைப் பார்த்தேன்.

“பாத்தா தெரியாதுக்கா” என்று சுப்பையா என்னிடம் மெதுவாகச் சொன்னான். “எனக்கும் கையப் பிடிக்குதுல்ல. குடுத்துத் தொலைச்சிரலாம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் பேசுவதற்குள் வள்ளிக்கண்ணு உள்ளிருந்து வந்துவிட்டாள்.

“ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்று அந்த வாலிபனைக் கேட்டாள்.

அவன் வெட்கத்தோடு, “ஆவணியிலங்க” என்றான்.

“அப்ப இது வேணாம். ஒடஞ்சு விழுந்தா அந்தப் புள்ளயத்தான் சொல்லுவாக.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுப்பையாவைப் பார்த்தான். சுப்பையா கோலை ஊன்றி வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு, “விக்கலீங்க தம்பி. போயிட்டு வாங்க” என்றான்.

அன்று மத்தியானமே இரும்பறுக்கும் ரம்பம் ஒன்று இரவல் வாங்கி வரச் சொன்னான். காலை நீட்டி வாசலில் உட்கார்ந்து, இன்னொருவன் பூட்டி ஓட்ட முடியாதபடி வண்டியை வெட்ட ஆரம்பித்தான். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் குழாயை அறுக்க நேரமானது, வேர்த்து ஊற்றியது. வெல்டு வைத்த இடத்துக்கு ரம்பத்தை நகர்த்தி இரண்டு இழுப்பு இழுத்தான். நிறுத்தினான். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயைக் கையால் பிடித்து வளைத்தான். வெல்டு விட்டுக் கையோடு வந்தது. அடுத்ததையும் வளைத்தான். அதுவும் வந்தது.

அதற்குப் பிறகு அவன் ரம்பத்தைத் தொடவே இல்லை.